செய்திப் புறாவைப் பழக்குவது எப்படி: போர்க்களத் தூதுப் பறவைகளின் முறை

செய்திப் புறா என்றவுடன், காலில் கட்டிய ஓலையோடு நாம் சொல்லும் ஊருக்குப் பறந்து செல்லும் ஒரு பறவையைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செல்லும் புறா எந்தப் படையிடமும் இருந்ததில்லை. புறாவுக்குத் திரும்பத் தெரிந்த இடம் ஒன்றே. அது பிறந்து வளர்ந்த கூண்டு. முதல் உலகப் போரில் வீரர்கள் கூடைகளில் புறாக்களைச் சுமந்துகொண்டு அகழிகளுக்குச் சென்றதும், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் பறவைப் பெட்டியோடு புறப்பட்டதும் இந்த இயல்பை நம்பியே ஆகும். போரில் பணியாற்றிய விலங்குகளுக்காக மரியா டிக்கின் 1943-இல் ஏற்படுத்திய டிக்கின் பதக்கம், 1949 வரையில் 54 விலங்குகளுக்கு வழங்கப்பட்டது. அவற்றில் நாய்கள் 18, குதிரைகள் 3, பூனை 1; மீதி 32-உம் புறாக்கள்.

அந்தப் பறவைகளைப் பழக்கிய முறையில் இரகசியம் ஏதும் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலும் பந்தயப் புறா வளர்த்த சாதாரண மக்களே தங்கள் பறவைகளைப் படைக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் தேசியப் புறாச் சேவையின் வழியாக அவர்கள் கொடுத்தவை ஏறத்தாழ 2,00,000. ஆகையால் அதே முறையை நம் வீட்டு மாடியிலும் பின்பற்றலாம். கூண்டு அமைப்பதிலிருந்து செய்தியோடு பறவை திரும்புவது வரைக்குமான வேலைகளை, ஒவ்வொன்றின் காரணமும் போர்க்களத்தில் எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். சிறிய கூண்டும் சில பறவைகளும் ஓராண்டுப் பொறுமையும் இருந்தால் போதும்.

எந்தப் புறாவை வாங்குவது

ஹோமர் இனத்தைத் தவிர வேறு எதையும் இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். கர்ணப் புறாவும் விசிறிவால் புறாவும் பார்ப்பதற்கு அழகானவை. ஆனால் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து வீடு திரும்பும் திறனுக்காகப் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டது ஹோமர் இனமே. சென்னையில் ஹோமர் பந்தயம் நெடுங்காலமாக நடந்து வருவதால், நல்ல வளர்ப்பாளர்களிடமிருந்து குஞ்சுகளைப் பெறுவது கடினமன்று.

வாங்கும்போது வயதுதான் முதல் கேள்வி. தாய் தந்தையின் ஊட்டலை விட்டுத் தானாகத் தானியம் பொறுக்கத் தொடங்கிய, இன்னும் வெளியே பறந்து பார்க்காத குஞ்சையே, அதாவது பொரித்து 28 முதல் 35 நாள் வரையான குஞ்சையே வாங்க வேண்டும். ஒருமுறை வெளியே பறந்து சுற்றிப் பார்த்துவிட்ட பறவை, எத்தனை மாதம் அடைத்துவைத்திருந்தாலும், திறந்துவிட்ட அன்றே பழைய உரிமையாளரின் கூண்டுக்குப் போய்விடக்கூடும். வளர்ந்த நல்ல ஜோடி கிடைத்தால் அவற்றை வெளியே விடாமல் அடைத்தே வைத்து, அவற்றின் குஞ்சுகளை மட்டும் பழக்கலாம். விலை கூடுதலானாலும் என் பார்வையில் இதுவே சிறந்த தொடக்கம். போரில் நடமாடும் கூண்டுகளை அமைத்தவர்களும் இதே காரணத்தால் இளம் பறவைகளையே விரும்பினார்கள்.

முதலாண்டில் எட்டுப் பறவைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் குணமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இருபது பறவைகள் இருந்தால் அது நடக்காது.

கூண்டு

இந்த வேலை முழுவதும் கூண்டை நம்பியே நிற்கிறது. பறவை இருநூறு கிலோமீட்டர் பறந்து வருவது உங்களுக்காக அன்று. தன் இடம், தன் துணை, தன் தானியம் ஆகியவற்றுக்காகவே வருகிறது. கூண்டு வெக்கையும் ஈரமும் நெரிசலுமாக இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

ஆறடி நீளம், நான்கடி அகலம், நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு உயரம் கொண்ட மரக் கூண்டு எட்டுப் பறவைகளுக்குத் தாராளம். முகப்பு கிழக்கு நோக்கி இருந்தால் காலை வெயில் உள்ளே விழுந்து தரையை உலர்த்தும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்காதபடி கூரையை முன்பக்கம் நன்றாக நீட்டிவிட வேண்டும். தரையை மாடித் தளத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, எலி, பெருச்சாளி, மரநாய், பாம்பு எதுவும் நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் எல்லாப் பக்கமும் அடைக்க வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் தனித் தாங்கு பலகை கட்டாயம் தேவை. இடத்துக்காகச் சண்டையிடும் கூண்டில் பறவைகள் நிம்மதியாகத் தங்குவதில்லை. மேலே காற்று வெளியேறத் திறப்பு இருக்கட்டும், ஆனால் பறவைகள் அடையும் உயரத்தில் காற்று நேரே வீசக் கூடாது.

நுழைவாயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பறவை வந்து இறங்குவதற்கு ஓர் அகலமான பலகையும், அதன் பின்னே மேலிருந்து தொங்கும் மெல்லிய கம்பிகளின் வரிசையும் அமைக்கப்படும். கம்பிகள் உள்பக்கம் மட்டுமே அசையும். கீழ்முனை ஒரு சட்டத்தில் இடிப்பதால் வெளிப்பக்கம் திறக்காது. ஆகவே பறவை தள்ளிக்கொண்டு உள்ளே வரும், திரும்பிப் போக முடியாது. முதல் உலகப் போரில் இராணுவக் கூண்டுகளில் இந்தக் கம்பிகளோடு மணி ஒன்றையும் இணைத்திருந்தார்கள். பறவை நுழைந்ததும் மணி ஒலிக்கும். காவலில் இருக்கும் வீரர் ஓடிவந்து காலிலுள்ள குழாயைக் கழற்றுவார். வீட்டில் சிறிய மின்கல மணி ஒன்றை இணைத்துக்கொள்வது எளிது, நேரம் குறிப்பதற்கும் அது உதவும்.

வானிலிருந்து பார்க்கும்போது உங்கள் கூண்டு தனித்துத் தெரிய வேண்டும். கூரைக்கு ஒரு நிறம் பூசிவிட்டால் பிறகு அதை மாற்ற வேண்டாம். முதல் உலகப் போரில் பிரிட்டன், இலண்டன் நகரின் பேருந்துகளைக் கூட நடமாடும் புறாக் கூண்டுகளாக மாற்றி முன்னணிக்கு அனுப்பியது. அந்தப் பறவைகள் வண்டியின் தோற்றத்தையே வீட்டின் அடையாளமாகக் கொண்டு பழகியதால்தான், வண்டி இடம் மாறிச் சில நாள் பழக்கியபின் புதிய இடத்துக்கும் திரும்பின.

தீனியும் அழைப்பும்

வளர்ந்த ஹோமர் புறாவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம் போதும். கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றில் இரண்டு பங்கும், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி ஆகியவற்றில் ஒரு பங்கும் கலந்து கொடுக்கலாம். குஞ்சு ஊட்டும் காலத்திலும் இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்திலும் பயறு சற்றுக் கூடட்டும். பூசணம் பிடித்த தானியம் ஒரு பிடியானாலும் கூண்டையே நோயில் தள்ளிவிடும் என்பதால், மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. புறாவுக்குப் பல் இல்லாததால் தானியத்தை அரைக்கப் பொடிக்கல் தேவை. நொறுக்கிய செங்கல், கிளிஞ்சல், சிறிது கரி, சிறிது உப்பு ஆகியவற்றைத் தனித் தட்டில் எப்போதும் வைத்திருங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை அகன்ற பாத்திரத்தில் குளிக்கத் தண்ணீர் வைத்தால் இறகுகள் நல்ல நிலையில் இருக்கும்.

தீனி வைக்கும் ஒவ்வொரு முறையும் தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கி ஒலி எழுப்புங்கள், அல்லது ஒரே விதமாக விசில் அடியுங்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த ஒலிக்கு எல்லாப் பறவைகளும் கூடிவிடும். இது சிறு விஷயமாகத் தோன்றலாம்; ஆனால் வானிலிருந்து பறவையைக் கீழே இறக்கிக் கூண்டுக்குள் கொண்டுவர உங்கள் கையில் இருக்கும் ஒரே வழி இதுதான். 1943 அக்டோபர் 18-ஆம் நாள், இத்தாலியில் கால்வி வெக்கியா என்ற ஊரைப் பிரிட்டிஷ் படையினர் எதிர்பார்த்ததற்கு முன்பே கைப்பற்றிவிட்டார்கள். அந்த ஊரின்மேல் குண்டு வீச அமெரிக்க விமானங்கள் ஏற்கெனவே ஆயத்தமாகியிருந்தன. வானொலித் தொடர்பும் கிடைக்கவில்லை. அப்போது ஜி.ஐ. ஜோ என்ற புறா 20 மைல் தொலைவை 20 நிமிடத்தில் கடந்து, விமானங்கள் கிளம்பும் தறுவாயில் வந்து சேர்ந்து, தாக்குதலை நிறுத்தச் செய்தது. அந்தப் பறவை கூரைமேல் அமர்ந்து பத்து நிமிடம் இறகு கோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எவ்வளவு விரைவாகப் பறக்கிறது என்பதைப் போலவே, வந்ததும் எவ்வளவு விரைவாக உள்ளே நுழைகிறது என்பதும் பயிற்சியின் அளவுகோல் ஆகும்.

இதற்காகப் பறவையைப் பட்டினி போடக் கூடாது. வெளியே விடுவதற்கு முன் தீனி வைக்காமல், திரும்பியவுடன் வயிறார வைப்பது என்ற ஒழுங்கை மட்டும் காத்தால் போதும்.

குஞ்சுப் பருவம்

புறா இரண்டு முட்டையிடும். 17 அல்லது 18 நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் சில நாள்களுக்குத் தாயும் தந்தையும் தங்கள் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற பொருளையே ஊட்டுகின்றன. இந்த நாள்களில் கூட்டைத் தொடாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய உதவி. ஏழாம் நாளையொட்டி அடையாள வளையம் மாட்ட வேண்டும். முன்விரல்கள் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, மேலே தள்ளி, பின்விரலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று நாள் தாமதித்தாலும் கால் பருத்து வளையம் ஏறாது. ஹோமர் புறாவுக்கு 8 மில்லிமீட்டர் அளவுள்ள மூடிய வளையம் பொருந்தும். வளையத்தின் எண், பொரித்த நாள், பெற்றோர் விவரம் ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

குஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு, நாள்தோறும் சில நிமிடம் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். இரு கால்களையும் விரல்களுக்கிடையே பின்னோக்கிப் பிடித்து, கட்டைவிரலால் இறக்கை நுனிகளை முதுகின்மேல் சேர்த்து, மார்பை மறு கையால் தாங்கினால் பறவை துடிக்காது. கைக்கு அஞ்சும் பறவையின் காலில் செய்திக் குழாய் மாட்டுவது அதற்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம்.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் கோழிகளில் அறிந்திருக்கும் நோய்க்கு நெருங்கிய உறவுடைய ஒரு நச்சுயிரி புறாவைத் தாக்கும்போது கழுத்துத் திருகிக்கொள்கிறது; தனி நோயாக அம்மையும் வரும். தடுப்பூசியைப் பற்றி அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கேட்டு, குஞ்சுகளைப் பறக்கவிடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கூண்டைப் பெருக்கும்போது முகக்கவசம் அணிவதும் அவசியம். உலர்ந்த எச்சத்தின் தூசு பல ஆண்டுகளில் வளர்ப்பவரின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

இடம் பழக்குதல்

கூண்டின் நுழைவுப் பலகையின்மேல், நான்கு புறமும் கம்பி வலையால் அடைத்த சிறு முற்றம் ஒன்றை வைத்து, ஒரு வாரம் நாள்தோறும் குஞ்சுகளை அதில் அமரவிடுங்கள். சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டி, கோபுரம், தென்னை, பக்கத்து மாடி ஆகிய எல்லாவற்றையும் அவை கண்ணால் வாங்கிக்கொள்ளும். அதே வாரத்தில், அவற்றைப் பலகையில் வைத்து, தொங்கும் கம்பிகளின் வழியே மென்மையாகத் தள்ளிவிட்டு உள்ளே தீனி வைத்தால், கம்பியைத் தள்ளி நுழைவது இரண்டு மூன்று நாளிலேயே பழகிவிடும்.

முதல்முறை திறந்துவிடுவதற்கு மாலை நேரமே ஏற்றது. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பசியோடு இருக்கும் குஞ்சுகளுக்குக் கதவைத் திறந்து, அவை தாமாக வெளியே நடந்து வரும்வரை காத்திருங்கள். கை தட்டி விரட்டவே கூடாது. அஞ்சி எழும்பும் குஞ்சு திசை அறியாமல் வெகு தூரம் போய்விடும். சிறிது நேரம் கழித்து டப்பாவைக் குலுக்கினால் பெரும்பாலானவை இறங்கிவிடும். அடுத்த சில வாரங்களில் அவை கூட்டமாக எழும்பி, வட்டத்தைப் பெருக்கி, கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கும் போய்த் திரும்பத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தாமாகவே பறக்கும் நிலை வந்த பிறகே வெளியிடப் பயிற்சிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அதற்குள் பறவைக்கு மூன்று அல்லது நான்கு மாதம் ஆகியிருக்கும்.

தொலைவுப் பயிற்சி

மூங்கில் கூடையோ காற்றோட்டமுள்ள மரப் பெட்டியோ போதும். பறவைகள் நெருக்கமின்றி நிற்க வேண்டும். பயணத்துக்கு முந்தின இரவு அதே கூடையில் தூங்கவைத்தால் அச்சம் தெளியும்.

முதலில் 2 கிலோமீட்டர், பிறகு 5, 10, 15, 25, 40, 60 என்று தொலைவைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு தொலைவையும் இரண்டு மூன்று முறை செய்து, எல்லாப் பறவைகளும் தயக்கமின்றித் திரும்பினால் மட்டுமே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். விடும் இடம் திறந்த வெளியாக இருக்கட்டும். அருகில் மின்கம்பிகளும் உயர் மரங்களும் வேண்டாம். கூடையைத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் வானத்தைப் பார்க்கவிட்டு, தண்ணீர் காட்டி, அதன்பின் திறவுங்கள். சூரியன் நிற்கும் நிலை, புவியின் காந்தப்புலம், காற்றில் வரும் மணம், அறிமுகமான நிலக்குறிகள் ஆகிய பலவற்றையும் சேர்த்தே புறா வழி காண்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; ஆதலால் தெளிந்த வானமும் அமைதியான காற்றும் உள்ள நாள்களில் தொடங்குவதே நியாயம். தமிழ்நாட்டில் காலை ஏழு மணிக்குள் விடுவது நல்லது. பங்குனி முதல் ஆனி வரை வெயில் ஏறிய பிறகு பறவையை விடுவது கொடுமை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிப் பனிமூட்டம் விலகுவதற்கு முன்பும் விட வேண்டாம். இருட்டில் விடவே கூடாது.

பந்தயப் பயிற்சியும் செய்திப் பயிற்சியும் பிரியும் இடம் ஒன்று உண்டு. பந்தயப் புறா கூட்டத்தோடு பறக்கிறது. முன்னால் போகும் பறவையைப் பின்பற்றியே பாதி வழி வந்துவிடலாம். போர்க்களத்தில் அந்த வசதி கிடையாது. 1916 ஜூன் 4-ஆம் நாள், பிரான்சின் வெர்தனில் ஜெர்மானியரால் முற்றுகையிடப்பட்ட வோ கோட்டையிலிருந்து தளபதி ரேனால் அனுப்பிய பறவை அவரிடம் எஞ்சியிருந்த ஒரே பறவை. “இதுவே என் கடைசிப் புறா” என்ற சொற்களோடுதான் அந்தச் செய்தி முடிந்தது. நச்சுப் புகையைக் கடந்து, துணைக்கு ஒன்றுமில்லாமல் பறந்து, செய்தியைச் சேர்த்துவிட்டு அது இறந்தது. ஆகவே 10 கிலோமீட்டரிலிருந்து கூட்டமாக விடுவது நன்கு அமைந்ததும், அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று இரண்டிரண்டாக விடுங்கள். பிறகு, முன்னது கண்ணை விட்டு மறைந்து பத்து நிமிடம் ஆன பின் அடுத்தது என்ற முறையில் தனித்தனியாக விடுங்கள். தனியே விட்டு நேராக வீடு வரும் பறவையைத்தான் செய்திப் புறா என்று கொள்ளலாம்.

முதலாண்டுப் பறவையை 100 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1941-க்கும் 1944-க்கும் இடையில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகளில் செய்தி திரட்டப் பிரிட்டன் ஏறத்தாழ 16,000 புறாக்களைப் பாராசூட்டில் இறக்கியது. திரும்பியவை பத்தில் ஒன்று அளவே. படைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லாதபோது, சோர்ந்த பறவையையோ, இறகு உதிர்க்கும் பறவையையோ, முந்தின பயணத்திலிருந்து எடை தேறாத பறவையையோ கூடையில் ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

செய்தியை எழுதுதலும் கட்டுதலும்

வளர்ந்த ஹோமர் புறா 400 முதல் 500 கிராம் எடை இருக்கும். 1900-களில் ஜெர்மானியரான யூலியஸ் நாய்ப்ரோனர் புறாவின் மார்பில் கட்டிய சிறு படப்பெட்டிகள் 75 கிராம் வரை இருந்தன; அது குறுந்தொலைவுக்கான வரம்பு, நாம் முயல வேண்டியதன்று. காகிதமும் குழாயும் சேர்ந்து இரண்டு மூன்று கிராமைத் தாண்டாமல் இருந்தால் பறவை சுமையை உணராது. படைகளில் மெல்லிய அலுமினியக் குழாயைக் காலில் பொருத்தினார்கள். கீறாத விளிம்புள்ள இலேசான நெகிழிக் குழாய் நமக்குப் போதும். முதலில் வெறும் குழாயைக் கூண்டுக்குள்ளேயே இரண்டு நாள் மாட்டிவைத்து, பறவை அதைக் கொத்தாமல் மறக்கும்வரை பொறுத்து, பிறகு குறுந்தொலைவிலிருந்து விட்டுப் பாருங்கள்.

எழுதும் காகிதம் மெல்லியதாகவும் ஈரம் பட்டால் எழுத்துக் கரையாததாகவும் இருக்க வேண்டும், பென்சிலே நம்பத்தக்கது. ஜெர்மானியப் படைகள் நடத்திய 1870–71 பாரிஸ் முற்றுகையில் ரெனே டாக்ரோன் என்ற புகைப்படக்காரர் செய்திகளை நுண்படச் சுருளாகச் சிறிதாக்கி, வாத்து இறகின் தண்டுக்குள் இட்டு, புறாவின் வால் இறகில் கட்டும்படி செய்தார். பறவை ஒன்றே ஆயிரக்கணக்கான செய்திகளைக் கொண்டுவர முடிந்தது. ஆனால் நகருக்குள் திரும்பிய பறவைகள் அறுபதை எட்டவில்லை. ஒரே செய்தியைப் பல பறவைகளிடம் மீண்டும் மீண்டும் கொடுத்தனுப்பியதால்தான் அந்த அஞ்சல் நடந்தது. ஆகவே எதையும் இரண்டு படி எழுதி, இரண்டு பறவைகளிடம் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் படி உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

செய்தியில் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு 1918 அக்டோபர் 4-ஆம் நாள் பிரான்சின் ஆர்கோன் காட்டில் எழுதப்பட்ட ஒரு துண்டுக் காகிதத்தை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ஜெர்மானியரால் சூழப்பட்டு, தங்கள் தரப்புப் பீரங்கிகளின் குண்டுகளே தங்கள்மேல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்க மேஜர் சார்லஸ் விட்டில்சி எழுதியது இவ்வளவுதான்: தாங்கள் வரைபடத்தின் 276.4 என்ற கோட்டுக்கு இணையான சாலையோரம் இருப்பது, தங்கள் பீரங்கிகள் தங்கள்மேலேயே சுடுவது, அதை நிறுத்த வேண்டுவது. இடம், நிலைமை, வேண்டுகோள் ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிட்டன. ஷெர் அமி என்ற புறா கொண்டுவந்ததாகப் போற்றப்படும் செய்தி அது. மார்பில் குண்டு துளைத்து, ஒரு கால் சிதைந்து, அந்தக் காலில் தொங்கிய குழாயோடு அது கூண்டை அடைந்ததாக வரலாறு சொல்கிறது. நீங்கள் எழுதும் பயிற்சிச் செய்தியிலும் விட்ட இடம், நாள், நேரம், உடன் விட்ட பறவைகளின் வளைய எண்கள் ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுதுங்கள்.

நேரக் கணக்கு

ஒவ்வொரு பயணத்துக்கும் விட்ட நேரம், நுழைந்த நேரம், தொலைவு, காற்றின் திசை, வானத்தின் நிலை ஆகிய ஐந்தையும் குறித்துவைக்க வேண்டும். அமைதியான காற்றில் ஹோமர் புறா மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வரை பறக்கும். ஆனால் வேகத்தை மட்டும் வைத்துப் பறவையை மதிப்பிடக் கூடாது. 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையிலிருந்து முதல் செய்தியைக் கொண்டுவந்த கஸ்டாவ் என்ற புறா, 150 மைலை 5 மணி 16 நிமிடத்தில் கடந்தது. அதாவது மணிக்கு 46 கிலோமீட்டருக்கும் குறைவு. எதிர்க்காற்றையும் சூரியன் தெரியாத வானத்தையும் கணக்கில் எடுத்தால்தான் அந்தப் பயணத்தின் அருமை விளங்கும்.

இந்தக் குறிப்பேடு ஓர் உயிர்காக்கும் கருவியாக மாறிய நிகழ்ச்சியும் உண்டு. 1942 பிப்ரவரியில் வட கடலில் விழுந்த பிரிட்டிஷ் போஃபோர்ட் விமானம் ஒன்றிலிருந்து விங்கி என்ற புறா தப்பி, 120 மைல் பறந்து, ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகிலிருந்த தன் கூண்டை அடைந்தது. அதன் காலில் செய்தி எதுவும் இல்லை. விமானத்துடனான தொடர்பு அறுந்த நேரம், பறவை வந்து சேர்ந்த நேரம், அன்றைய காற்று, இறகில் படிந்திருந்த எண்ணெயால் குறைந்திருக்கக்கூடிய வேகம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, விமானம் விழுந்த கடற்பகுதியைக் கண்டுபிடித்து, விமானிகளைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு பறவையின் வழக்கமான வேகமும் வளர்ப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் இப்படிப்பட்ட கணக்குச் சாத்தியம்.

வல்லூறும் மாஞ்சாவும்

குளிர்கால மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வரும் வல்லூறுகள் புறாவுக்குப் பெரும் ஆபத்து. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு 1940-இல் தனி ஆணை பிறப்பித்து, செய்திப் புறாக்களைக் காப்பதற்காக நூற்றுக்கணக்கான பொரி வல்லூறுகளைக் கொன்றது. நாம் அந்த வழியை எண்ணிப் பார்க்கவும் கூடாது. வேட்டைப் பறவைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. வல்லூறு சுற்றும் நாள்களில் பறவைகளை வெளியே விடாமல் இருப்பதும், விடும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுவதும் போதுமான தற்காப்பு. சென்னையில் வல்லூறை விடக் கொடியது பட்டத்தின் மாஞ்சா நூல். தடை இருந்தும் விடுமுறை நாள்களில் அது வானில் இருக்கிறது. பட்டம் பறக்கும் மாலைகளில் கூண்டைத் திறக்க வேண்டாம்.

போய்வரும் பழக்கம்

புறா ஒரே திசையில்தான் செய்தி கொண்டுவரும் என்ற விதிக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. பறவையின் வீடு ஓரிடத்திலும் தீனி வேறோரிடத்திலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே அது போய்வரப் பழகும். வீட்டில் தங்க இடமும் துணையும் தண்ணீரும் மட்டும் வைத்து, நாள்தோறும் கூடையில் எடுத்துச் சென்று, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டாம் கூண்டில் மட்டுமே தீனி வைத்து, அங்கிருந்து வீட்டுக்குப் பறக்கவிட வேண்டும். பல வாரம் கழித்து, பசித்த நேரத்தில் வீட்டிலிருந்து திறந்துவிட்டால் பறவை தானாகவே தீனிக் கூண்டுக்குப் போகும். ஒடிசா காவல்துறையின் புறாச் சேவை இந்த முறையையும் கையாண்டது. 1946-இல் இராணுவம் கொடுத்த 200 பறவைகளோடு கோராபுட் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட சேவை அது. 1948 ஏப்ரலில் சம்பல்பூரிலிருந்த நேரு, கட்டாக்கில் நடக்கவிருந்த பொதுக்கூட்டத்தின் ஏற்பாட்டைப் பற்றி அனுப்பிய குறிப்பை ஒரு காவல்துறைப் புறாவே கொண்டுசேர்த்தது. 1982 வெள்ளத்திலும் 1999 பெரும்புயலிலும் தொலைபேசிக் கம்பிகள் அறுந்த ஊர்களுக்கு இப்பறவைகள் பயன்பட்டன. இந்தப் பழக்கத்தைத் தொடங்குவதற்கு முன், பறவை ஒருவழிப் பயணத்தில் முழுத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு கூண்டையும் வீடாகக் கொள்ளாமல் போய்விடும்.

திரும்பாத பறவையும் தேடி வந்த பறவையும்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பறவைகள் அன்றே திரும்பா. இருட்டிய பின்னும் நுழைவாயிலைத் திறந்துவைத்து, மறுநாள் விடியலில் மற்றப் பறவைகளை வெளியே விடுங்கள்; வழி தப்பியது அவற்றைக் கண்டு இறங்கும். வந்த பறவைக்கு முதலில் தண்ணீர், பிறகு எளிதில் செரிக்கும் சிறு தானியம் சிறிதளவு கொடுத்து, மார்பெலும்பையும் இறக்கையின் அடிப்பக்கத்தையும் தடவிக் காயம் உள்ளதா என்று பாருங்கள். அதை இரண்டு வாரமாவது கூடையில் ஏற்ற வேண்டாம்.

உங்கள் மாடியில் வளையமிட்ட வேற்றுப் புறா ஒன்று களைத்து வந்து அமர்ந்தாலும் இதே முறைதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில், தூதுப் புறாவைச் சுடுபவருக்கு ஆறு மாதச் சிறையோ 100 பவுண்டு அபராதமோ கிடைக்கும் என்றும், சுட்டவரைப் பற்றித் தகவல் தருபவருக்கு 5 பவுண்டு வெகுமதி உண்டு என்றும் ஊர்தோறும் சுவரொட்டி ஒட்டினார்கள். இன்று அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், அந்தப் பறவையைப் பிடித்து விற்பதோ உங்கள் கூண்டில் சேர்த்து வைத்துக்கொள்வதோ முறையன்று. நோய் பரவாதபடி தனிப் பெட்டியில் வைத்து, தண்ணீரும் தீனியும் கொடுத்து, வளையத்தின் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து, அருகிலுள்ள பந்தயச் சங்கத்தாரிடம் காட்டுங்கள். உரிமையாளர் தெரிந்தால் அவருக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், இரண்டு நாள் ஓய்வுக்குப் பின், வானம் தெளிந்த காலையில், காற்று அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து, திறந்த வெளியில் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.